படுக்கையில் அப்பா: பார்த்துக்கொள்கிறவர்கள் என்ன படிக்கிறீர்கள், கேட்கிறீர்கள், ஆடுகிறீர்கள்?

பொருநை:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "ஆமா", "இல்ல" இரண்டும் வரும். அதுவும் சில சமயம் மாறி வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. அம்மாவுக்கு மூட்டுவலி, குனிந்து நிமிர முடியாது. தம்பி சென்னையில் இருக்கிறான். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மருந்து, சாப்பாடு, துடைத்துவிடுவது எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது நடுநடுவே கிடைக்கும் நேரம்தான். அப்பா கண் அயரும்போது இருபது நிமிடம், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இடையே பத்து நிமிடம், ராத்திரி அவரைத் திருப்பிப் படுக்கவைத்த பிறகு தூக்கம் வராத நேரம். முன்பெல்லாம் தடித்தடி நாவலாக வாசிப்பேன். இப்போது நாலு பக்கம் போவதற்குள் கூப்பிடுகிறார். திரும்பி வந்தால் யார் யாருக்கு மகன் என்பதே மறந்துபோகிறது. ஹெட்போன் போட்டால் அவர் முனகுவது கேட்காது. கடைசியில் செல்போனைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கும்போது மனசு இன்னும் கனமாக இருக்கிறது.

இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். எதைப் படித்தீர்கள், எதைக் கேட்டீர்கள், என்ன ஆடினீர்கள்? அப்பாவும் சேர்ந்துகொள்ளக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீட்டும் தாயமும் நன்றாக ஆடுவார். சிவாஜி படப் பாட்டு என்றால் உயிர். தேவாரம் நிறைய மனப்பாடம். அன்றாடப் பராமரிப்பில் நீங்கள் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.

வைகைக்கரை:

பொருநை அம்மா, நல்லா இருங்க. நான் மதுரை. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் மனைவி நெடுநாள் படுக்கையில் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன்.

நாவலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வாராவாரம் பத்திரிகையில் தொடராக வந்த புத்தகங்களை எடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு துண்டு என்று எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் தனக்குள் முழுசாக இருக்கும். விட்ட இடம் தெரியாமல் போகாது. எனக்குக் கைகொடுத்தது உ.வே.சா.வின் தன்வரலாறு, 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் வந்தது. 1942-இல் அவர் மறைந்ததோடு நின்றுபோனது, 122 அத்தியாயம். சின்னச் சின்ன அத்தியாயங்கள். இருபது நிமிடத்தில் ஒன்றை வாய்விட்டு வாசித்து முடித்துவிடலாம்.

அதில் பெரிய விஷயங்களைவிட சின்ன விஷயங்கள்தான் வீட்டில் பேச்சாகும். பிள்ளை படிக்கவேண்டும் என்பதற்காக ஊர் ஊராக இடம் மாறும் தகப்பனார். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்ட உ.வே.சா., தம் தமிழாசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார். அந்த இடத்தை வாசித்தபோது என் மனைவிக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்! பாட்டை விடச்சொல்ல இவர் யார் என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா" என்ற பொருளில் கேட்கிற இடம் வரும். அதுவரை படித்ததையெல்லாம் பெரிதாக நினைத்திருந்தவருக்கு அங்கே வாழ்க்கையே திரும்புகிறது. 1887-இல் அந்தக் காவியத்தைப் பதிப்பித்தார். இரண்டு பேர் உட்கார்ந்து பேச அந்த ஒரு கட்டம் ஒரு வாரத்துக்குப் போதும்.

உங்கள் அப்பாவுக்கு வாய்விட்டு வாசியுங்கள். பேச்சு வரவில்லை என்பதால் புரியவில்லை என்று ஆகிவிடாது. நிறுத்தி நிறுத்தி, "ஆமா, இல்ல"யில் பதில் சொல்லும்படி கேளுங்கள். "இந்த ஊருக்கு நீங்க போயிருக்கீங்களாப்பா?" என்று கேட்டால் தலையசைப்பிலேயே ஒரு உரையாடல் நடக்கும். ஆனால் தேர்வு மாதிரி கேட்காதீர்கள். "நேத்து என்ன நடந்துச்சு சொல்லுங்க" என்று கேட்டால் அவருக்கு அவமானமாகப் போய்விடும்.

உங்களுக்கென்று தனியாகப் படிக்க, சிறுகதை. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் நோயாளி மனைவியைச் சென்னையில் தனியாகப் பார்த்துக்கொள்ளும் கதை. பார்த்துக்கொள்கிறவரின் நாளை இவ்வளவு நேராகச் சொன்ன இன்னொரு கதையை நான் படித்ததில்லை. ஆனால் எடுத்தவுடனே மரணம்தான். அதனால் மனசு தெம்பாக இருக்கிற ஒரு நாளில் எடுங்கள், ராத்திரியில் வேண்டாம். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆனது. மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். 1998 பொங்கலில் தொடங்கிய திட்டம் அது. சங்க இலக்கியம் தொடங்கி ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

கீரிமலை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன் தங்கச்சி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற ஆள். ஐயா சொன்ன புத்தகங்களைப் பற்றிக் கதைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் முதலில் கை.

விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து அப்பாவைத் தூக்காதீர்கள். அக்குளுக்குள் கை கொடுத்தும் தூக்கவேண்டாம். தசை தளர்ந்திருக்கும்போது தோள்மூட்டு இலேசாக இறங்கிவிடும். பிறகு வருகிற வலி மாதக்கணக்கில் நிற்கும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பாசத்தில் அவர்கள்தான் கையைப் பிடித்து இழுப்பார்கள். படுக்கையில் மேலே நகர்த்த, பழைய வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை இருக்கும்படி அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து நகர்த்துங்கள். தோலும் உராயாது, உங்கள் இடுப்பும் தப்பும்.

சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கை முதலில். இந்த ஒன்று தெரிந்தால் தினமும் நடக்கிற அரை மணிப் போராட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சாப்பாடு நிமிர்த்தி உட்காரவைத்துத்தான். படுத்தபடி ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். வாசிப்பதற்கு அந்த அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்களேன். அவரும் முழித்திருப்பார், நீங்களும் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

விளையாட்டுக்கு வருகிறேன். சீட்டு ஒரு கையால் பிடிப்பது கஷ்டம். பல்லாங்குழி தேடி எடுங்கள். பதினாலு குழி, புளியங்கொட்டையோ சோழியோ எதுவானாலும் சரி. குழியிலிருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போடுவது இடது கைக்கு நல்ல பழக்கம். விழுந்த கையில் அசைவு திரும்பத் தொடங்கும்போது விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிச் சாமானை நான் விலைக்கு வாங்கிக் கண்டதில்லை. எண்ணிக்கையும் இருக்கிறது, அடுத்து எங்கே எடுப்பது என்ற யோசனையும் இருக்கிறது. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு, அதை எடுத்துக்கொள்ளலாம் என்கிற விதி இருக்கிறதே, பேச்சு இல்லாதவர்களும் அந்த இடத்தில் கையைத் தட்டிக் காட்டுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: எதையும் வாயில் போடும் பழக்கம் உள்ள நோயாளி என்றால் கொட்டை, சோழி வேண்டாம்.

பொருநை:

கீரிமலை அக்கா, சட்டை விஷயத்துக்கு மட்டுமே உங்களுக்குக் கோடி நன்றி. இன்று காலையிலேயே செய்து பார்த்தேன். அப்பா முகம் சுளிக்கவே இல்லை.

வைகைக்கரை ஐயா, 'என் சரித்திரம்' தரவிறக்கிவிட்டேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். நேற்று ஒரு உறவினர் வந்தார். நான் அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தேன். "அப்பா இப்படிக் கிடக்காரு, வீட்டுல பாட்டு வேற கேக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அணைத்துவிட்டேன். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

பின்னிரவு:

அக்கா, ரேடியோவைப் போடுங்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார், ராத்திரி முழித்திருக்கப்போவது நீங்கள்தான்.

நான் பெங்களூரில் ஐடி வேலை. அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் நாலு மணி நேரம் வெளியே காத்திருக்கவேண்டும். வீட்டிலும் இரவில் அடிக்கடி எழுந்திருப்பேன். எனக்கு விளையாட்டுதான் கைகொடுத்தது. ஆனால் எந்த விளையாட்டு என்பது முக்கியம். நடுவில் விட்டால் தோற்றுவிடும் ஆட்டங்களை, அதாவது நாலு பேர் சேர்ந்து சுட்டுக்கொள்ளும் ஆன்லைன் ஆட்டங்களை, முழுக்க நிறுத்திவிட்டேன். அம்மா கூப்பிடும்போது "இரும்மா, ரெண்டு நிமிஷம்" என்று சொல்ல வைக்கிற எதுவும் எனக்கு வேண்டாம்.

இப்போது ஆடுவது இரண்டு. ஒன்று, இணையத்தில் சதுரங்கம் ஆடும் லீசெஸ் தளத்தில் கடிதச் சதுரங்கம். ஒரு நகர்வுக்கு ஒரு நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. மருத்துவமனை வராந்தாவில் ஒரு நகர்வு, ராத்திரி ஒரு நகர்வு. பாத்திரம் கழுவும்போது மனசு அந்தக் குதிரையை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும். அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினின் அளவையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்த தலைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தெரியவில்லை. 1988-இல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து 2024-இல் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனது வரை நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சதுரங்கம் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆட எதிராளிக்குப் பஞ்சமே இல்லை. என் சித்தப்பா திருச்சியிலிருந்து ஆடுகிறார். நகர்வோடு "அக்கா எப்படி இருக்கா?" என்று ஒரு வரியும் வரும்.

இன்னொன்று ஸ்டார்டியூ வேலி. தாத்தா விட்டுப்போன தோட்டத்தில் விதைத்து, தண்ணீர் ஊற்றி, அறுவடை செய்யும் விளையாட்டு. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்தது, 2016-இல் வந்தது. விளையாட்டுக்குள் ஒரு நாள் என்பது நமக்குக் கால் மணி நேரத்துக்கும் குறைவு. விளையாட்டின் மெனுவைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். போய்விட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம். கோபிக்க அங்கே யாரும் இல்லை. வீட்டில் எதுவும் என் கையில் இல்லாத நாட்களில், விதைத்தது முளைப்பதைப் பார்க்கப் பிடிக்கிறது.

உறையூர்:

எல்லோரும் நல்லதுதான் சொல்கிறீர்கள். ஆனாலும் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் மாமியாரைப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் என் அம்மாவை. பொருநை, உங்களுக்கு இப்போது வேண்டியது புத்தகமும் விளையாட்டும் இல்லை. தூக்கம். ராத்திரி கையில் வெளிச்சமான திரை எதுவும் இருக்கக்கூடாது. தம்பி பின்னிரவு ராத்திரியில் சதுரங்கம் ஆடுவதாகச் சொல்கிறார். சின்ன வயசு, தாங்கும். உங்களுக்குப் பகலில் அலுவலக வேலையும் இருக்கிறது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பவேண்டும் என்றால், நடுவில் கிடைக்கிற ஒவ்வொரு துண்டுத் தூக்கமும் முக்கியம். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் திருப்புவதை விடமுடியாது. குதிகால், இடுப்பின் அடிப்பகுதி, தோள்பட்டை மூன்றையும் துடைக்கும்போது தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். எடை படாமல் படுக்கவைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

தம்பி சென்னையில் இருக்கிறான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கேதான் எனக்கு நிற்கிறது. "முடிஞ்சப்போ வா" என்று சொன்னால் யாருக்கும் முடியாது. "ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை ராத்திரி உன்னோடது" என்று சொல்லுங்கள். என் நாத்தனாரிடம் இப்படித் தேதி போட்டுக் கேட்ட பிறகுதான் வரத் தொடங்கினார். வந்த பிறகு அவரே "நீ போய்ப் படு" என்றார். அதுவரை எனக்கு உதவி வேண்டாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அந்த ராத்திரிகளில் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

மனசு கனமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பல வாரமாக அப்படியே நீடித்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நோயாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

பின்னிரவு:

உறையூர் அக்கா, தூக்கம் முதலில் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் படுத்தவுடன் தூக்கம் வருகிறவர்களுக்குத்தான் அந்த அறிவுரை உதவும். இருட்டில் கண்ணை மூடினால் "இன்னொரு தடவை வந்துட்டா?" என்ற ஒரே கேள்வி ஓடுகிறதே, அதற்கு என்ன செய்வது? பொருநை அக்கா கேட்டது அந்த நேரத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

குடந்தை:

அந்த நேரத்துக்குப் பாட்டுதான். திரை வேண்டாம், கண்ணும் மூடிக்கொள்ளலாம். நான் கும்பகோணம், வீட்டிலேயே நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன்.

முதலில் கருவி. ஹெட்போன் வேண்டாம். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் தலைமாட்டில் குறைந்த சத்தத்தில் வையுங்கள். அப்பா கட்டிலின் இடது பக்கம், நல்ல கை எட்டும் இடத்தில், கம்பியில்லாத அழைப்பு மணியின் பொத்தானைக் கட்டிவிடுங்கள். மணியை உங்கள் அறையில் மாட்டிக்கொள்ளுங்கள். மின்சாமான் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். முனகல் கேட்குமோ கேட்காதோ என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருக்கும் அவஸ்தை இதனால் பாதி குறையும்.

ராத்திரியில் வார்த்தை இருக்கும் பாட்டு எனக்கு ஆகாது, வரியைப் பிடித்துக்கொண்டு மனசு எங்கோ போய்விடும். இளையராஜா 1986-இல் கொண்டுவந்த 'ஹவ் டு நேம் இட்', 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' என்ற இரண்டு இசைத்தொகுப்பையும் மாற்றி மாற்றிக் கேட்பேன். அப்புறம் ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். பழைய பதிவு, கொஞ்சம் இரைச்சல் இருக்கும். அதைத் தாண்டிக் கேளுங்கள். ஒரு சுரத்தில் நின்று, விட மனசில்லாமல் திரும்பத் திரும்ப அதையே சுற்றி வருவார். அவசரம் என்பதே இல்லாத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றும். மறுநாள் காலை பெட்பேனும் மாத்திரையும் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஒரு இடம் இருந்தது என்பது உள்ளே இருக்கும்.

உறவினர் கேட்டதற்கு ஒரு பதில் உங்கள் அப்பாவின் தேவாரத்திலேயே இருக்கிறது. அப்பர் சூலைநோயால், அதாவது கடும் வயிற்றுவலியால், துடித்தபோது போய்ச் சேர்ந்தது தமக்கை திலகவதியாரிடம். அந்த அம்மா அவரைத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். அங்கேதான் 'கூற்றாயினவாறு' பதிகம் பிறந்தது. நோய் இருக்கும் இடத்தில் பாட்டு கூடாது என்று நம் மரபில் யார் சொன்னது?

அப்பாவுக்குத் தெரிந்த தேவாரப் பாட்டு ஒன்றை அவர் காதுபட மெதுவாகப் பாடிப் பாருங்கள். 'மாசில் வீணையும்' நாலே வரி. குரல் நன்றாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. முதல் இரண்டு சொல்லை நீங்கள் பாடிவிட்டு அடுத்ததற்கு முன் நிறுத்துங்கள். என்ன நடக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

கீரிமலை:

குடந்தை அண்ணா நல்ல இடத்தைத் தொட்டார். வலது பக்கம் விழுந்து பேச்சும் போனது என்றால் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில். பேச்சுக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம். ஆனால் இராகத்தோடு மனசில் பதிந்த வரிகளுக்கு மூளையின் மற்றப் பக்கமும் துணை நிற்கும். ஒரு சொல் பேசமுடியாதவர்கள் பழகிய பாட்டின் வரியைச் சொல்லோடு பாடுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். இராகத்தை வைத்தே பேச்சைப் பழக்குகிற சிகிச்சை முறை 1970-களிலிருந்து இருக்கிறது. எல்லாருக்கும் வராது. வந்தாலும் பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது என்று நினைக்கவேண்டாம். பேச்சுச் சிகிச்சை தருபவர் ஒருவரிடம் அப்பாவைக் காட்டுங்கள், வீட்டில் என்ன பாட்டு வருகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பின்னிரவு கேட்டதற்கு: இன்னொரு தடவை வந்துவிடுமோ என்ற பயத்துக்கு, என்ன பார்க்கவேண்டும் என்று எழுதி ஒட்டிவிடுவதுதான் மருந்து. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை திடீரெனத் தளர்தல், பேச்சு குழறுதல். அப்பாவுக்கு ஏற்கெனவே இருப்பதைவிடப் புதிதாக ஏதாவது தெரிந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே உங்கள் ஊரில் 108. இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான், அதனால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

எனக்குப் பிடித்த பாட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. தென் தமிழ்நாட்டுக்கும் அது நன்றாகக் கேட்கும் என்பார்கள். பொருநை, உங்கள் அப்பா வயசுக்காரருக்கு அந்தக் காலத்துப் பாட்டுகள் அறிவிப்பாளர் குரலோடு சேர்ந்துதான் நினைவில் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

பொருநை:

சில வாரமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

குடந்தை அண்ணா, பாடினேன். முதல் இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான் நிறுத்திய இடத்தில் "மாலை மதியமும்" என்றார். ராகத்தோடு, தெளிவாக. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் பாடினோம். பேச்சுப் பயிற்சிக்கு ஒருவரைப் பார்த்தோம். அவரும் பாட்டைத் தொடரச் சொல்லியிருக்கிறார். "தண்ணி" என்ற சொல்லை ராகம் போட்டுப் பழக்குகிறோம். இன்னும் வரவில்லை.

இலங்கை வானொலி என்றதும் அப்பா கையைத் தூக்கிச் சிரித்தார். எத்தனையோ தெரியாமல் இருந்திருக்கிறது எனக்கு. வரிசையாகக் கேட்டேன்: காலையில் கேப்பீங்களா, ஆமா. ஆபீஸ் போகும் முன்னாடியா, ஆமா. அம்மாவும் கேப்பாங்களா, இல்ல. அம்மா மறுத்தார். அதில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று!

உறையூர் அக்கா, தம்பிக்குத் தேதி போட்டு அனுப்பினேன். இரண்டாவது சனிக்கிழமை வந்தான். நான் தூங்கினேன். காலை எட்டு மணிக்கு எழுந்தபோது அப்பாவுக்கு முகம் துடைத்து, சட்டை மாற்றி வைத்திருந்தான், விழுந்த கையை முதலில் நுழைத்து. உறவினருக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அப்பாவும் கூடவே பாடினார். அவர் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

'என் சரித்திரம்' சாப்பிட்ட பிறகு தினமும் நடக்கிறது. எனக்கென்று தனியாக கி.ரா.வின் நாட்டுப்புறக் கதைகள் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்தில் ஒரு கதை, நடுவில் கூப்பிட்டாலும் கவலையில்லை. கரிசல் பேச்சு எங்கள் ஆச்சி பேசுவது போலவே காதில் விழுகிறது. பின்னிரவு தம்பி, கடிதச் சதுரங்கத்தில் உங்களை ஆட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் நகர்த்துவேன், அதுவும் பகலில்தான்.

இரண்டு கேள்வி. ஒன்று, நவம்பர் வருகிறது. அப்பாவின் ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கவேண்டும். அவரை எப்படி வெளியே கூட்டிப்போவது? இரண்டு, பல்லாங்குழி தேடிப் பரணில் ஏறினால் தாயக்கட்டைதான் கிடைத்தது. அதைப் பார்த்ததும் அப்பா தரையைக் கை காட்டுகிறார். கீழே உட்காரவைக்கலாமா?

வைகைக்கரை:

கூட்டிப்போகவே வேண்டாம் அம்மா. தபால்காரரே வீட்டுக்கு வருவார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக, கைரேகையோ முகமோ பதிந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துக்கொடுக்கிறார்கள். சிறு கட்டணம் உண்டு. ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு விவரம், ஆதாரோடு இணைந்த செல்போன், இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் சொல்லிவையுங்கள். வலது கை ரேகை சரியாக விழாவிட்டால் இடது கையைக் கொடுங்கள். வருகிறவர் உங்கள் அப்பாவுடைய துறைக்காரர். அப்பாவின் பழைய பணியிடத்தைச் சொல்லி உட்காரவைத்துப் பேசுங்கள், இரண்டு பேருக்கும் நல்ல பொழுதாக இருக்கும்.

இன்னும் இரண்டு தகவல். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி) அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அப்புறம், பொது நூலகத் துறையில் நூலக நண்பர்கள் என்று ஒரு திட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு வரமுடியாத முதியவர்கள், நோயாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்கள் கிளை நூலகத்தில் கேளுங்கள். 'என் சரித்திரம்' முடிந்தால் அடுத்தது 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம், அதுவும் வாராவாரம் வந்ததுதான். வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வருவதிலிருந்து ஆரம்பியுங்கள், அப்பா விடமாட்டார்.

கீரிமலை:

"மாலை மதியமும்" என்று வாசித்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன் தங்கச்சி.

தரையில் வேண்டாம். கீழே இருந்து எழுப்பும்போதுதான் தோளும் உங்கள் இடுப்பும் போகும். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படும்படி செய்யுங்கள். எட்டாவிட்டால் கீழே பலகை போடுங்கள். முன்னால் மேசை. தாயக் கட்டத்தை அட்டையில் பெரிதாக வரைந்து மேசையில் வையுங்கள். வலது கையை மடியில் தொங்கவிடாமல் மேசைமேல் ஒரு தலையணையில், அவர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும். கட்டை உருட்டுவது இடது கையால். காய்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கமாக நகர்த்தி வையுங்கள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் முதல் வாரம் வேண்டாம், களைத்துவிடுவார்.

அவருக்காக விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள். தாயம் நன்றாக ஆடுகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.